17 வயதில் கல்யாணம் ஆன தங்கைக்குத் தாய்வீடு என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகும் ஓர் அக்கா. சொந்த ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு கிராமம். தங்கைக்கு 17 வயது. பதினொன்றாம் வகுப்பு முடித்த கையோடு தாய்மாமன் மகனுக்கே கட்டிக்கொடுத்துவிட்டார்கள். எட்டு மாதம் ஆகிறது, இப்போது நான்கு மாதக் கர்ப்பம். சரியாகச் சாப்பிடுவதில்லை, போன் செய்தால் "ம்", "சரி" தவிர வேறு பேச்சில்லை, இரண்டு முறை மயங்கி விழுந்து கை கால் இழுத்துக்கொண்டது. மாமா வீட்டில் காத்து கருப்பு என்று கயிறு கட்டியிருக்கிறார்கள். அம்மா மசக்கை என்கிறார். "கட்டிக்கொடுத்த பொண்ணைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டால் ஊர் என்ன பேசும்" என்பது அப்பாவின் பேச்சு. "நான் அனுப்பிய பணத்தில்தான் கல்யாணமே நடந்தது, இப்போது என்ன செய்வது" என்று அந்த அக்கா கேட்டிருக்கிறார்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கை கால் இழுத்துக்கொண்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு இந்த வாரமே டாக்டரைப் பார்க்க வேண்டும். கயிறு கட்டியிருந்தால் அது பாட்டுக்கு இருக்கட்டும், அவிழ்க்கச் சொல்லிச் சண்டை போட வேண்டாம், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போவது தள்ளிப்போகக் கூடாது. ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், வலிப்பு நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்க வேண்டும். 20 வயதுக்குள் கர்ப்பமாகும் பெண்களுக்கு ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். அது பெரும்பாலும் ஐந்தாம் மாதத்துக்கு அப்புறம் வருவது, ஆனாலும் இப்போதிருந்தே அளந்து எழுதிவைத்தால்தான் பின்னால் ஏறினால் தெரியும். இனி எப்போதாவது கடுமையான தலைவலி, கண் மங்கல், முகத்திலும் கையிலும் வீக்கம், வலிப்பு என்று இதில் எது வந்தாலும் யாரிடமும் யோசனை கேட்காமல் 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

பரிசோதனையில் உடம்பில் ஒன்றுமில்லை என்று வந்தால், "ஒன்றுமில்லையாம், நடிக்கிறாள்" என்று வீட்டில் பேச்சு கிளம்பும். இதை நான் எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மனநல ஆலோசகராக 16 வருடமாக வேலை பார்க்கிறேன். புதிதாகக் கல்யாணமான சின்னப் பெண்கள் மயங்கி விழுவதும், பல் கிட்டிக்கொள்வதும், வேறு குரலில் பேசுவதும் நான் அடிக்கடி பார்க்கிற விஷயம். அவர்கள் நடிப்பதில்லை. வாயால் சொல்ல வழியில்லாத நெருக்கடியை உடம்பு சொல்கிறது, அது அந்தப் பெண்ணின் கட்டுப்பாட்டில் இருப்பதில்லை. நம் ஊரில் புதுப்பெண்ணுக்குத்தான் பேய் பிடிக்கும் என்று காலகாலமாகச் சொல்கிறார்களே, ஏன் புதுப்பெண்ணுக்கு என்று யாராவது யோசித்தோமா? தன் வாயால் "எனக்கு இங்கே இருக்கப் பிடிக்கவில்லை" என்றால் அடி விழும், பேயின் வாயால் அதையே சொன்னால் வீடே கூடி நின்று கேட்கும். கோடாங்கியிடம் கூட்டிப்போன வீட்டாரிடமும் நான் கோபப்படுவதில்லை, அவர்களுக்குத் தெரிந்த உதவி அது. அடிப்பது, பட்டினி போடுவது, வேப்பிலையால் விளாசுவது என்று போகும்போதுதான் நிறுத்தச் சொல்லிச் சத்தம் போடுவேன்.

மசக்கை என்று உங்கள் அம்மா சொல்வதை முழுதாகத் தள்ளவும் முடியாது. வாந்தி, சாப்பாட்டில் வெறுப்பு, சோர்வு எல்லாம் முதல் மூன்று மாதத்தில் வரும், பெரும்பாலும் நான்காம் மாதத்தில் குறையும். மசக்கைப் பெண்ணுக்கு வாந்தி நின்ற நேரத்தில் ஒரு மாங்காய்த் துண்டின் மேலாவது ஆசை வரும், தோழி போன் செய்தால் பேசுவாள், டிவியில் பிடித்தது ஓடினால் பார்ப்பாள். மனச்சோர்வில் அந்த ஆசைதான் முதலில் போகும். பிடித்தது எதுவும் பிடிக்காது, விடியற்காலையில் முழிப்பு தட்டி அப்புறம் தூக்கம் வராது, நான் எதற்கும் லாயக்கில்லை, எல்லாருக்கும் பாரம் என்ற நினைப்பு ஓடிக்கொண்டே இருக்கும். இந்த வயதில் சோகமாகத் தெரியாமல் எரிச்சலாகவும் தெரியலாம், சட்டென்று கத்துவாள், தட்டைத் தள்ளுவாள், "திமிர்" என்று பெயர் வாங்குவாள். தலைவலி, முதுகுவலி, நெஞ்சு படபடப்பு என்றும் வரலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் மனநல டாக்டரைப் பார்ப்பதுதான் சரி. ரத்தசோகையும் தைராய்டும் இதே மாதிரிச் சோர்வைக் கொடுக்கும் என்பதால்தான் ரத்தப் பரிசோதனையை முதலில் சொன்னேன். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம், ரத்தசோகைக்கு மாத்திரை கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள்.

இனி குடும்பம். வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்கு அப்புறமும் தொடர்ந்து பார்த்து 2002-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பின் 11 சதவீதம் பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கு அதிகம் வந்தது என்று பார்த்தால் வருமானம் குறைந்த வீட்டுப் பெண்கள், ஆண் குழந்தை எதிர்பார்த்துப் பெண் பிறந்தவர்கள், கர்ப்பத்தில் ஏதாவது பெரிய துயரத்தைச் சந்தித்தவர்கள், மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு சரியில்லாதவர்கள், வேலைக்குக் கைகொடுக்க ஆள் இல்லாதவர்கள். கடைசி இரண்டையும் நான் பயிற்சி வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்வேன். அங்கே மாமியார் மட்டும் இல்லை, பெற்றோரும் இருக்கிறார்கள். "கைகொடுக்க ஆள்" என்பதும் தைரியம் சொல்வதைப் பற்றியது அல்ல. தண்ணீர் தூக்க, துணி துவைக்க, குழந்தையை ஒரு மணி நேரம் வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஒரு மணி நேரத் தூக்கம் சில பெண்களுக்கு மருந்துக்குச் சமமாக வேலை செய்ததைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் தங்கை விஷயத்தில் இன்னொரு முடிச்சு இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது புரிவதில்லை. சொந்தத்தில் கொடுத்தால் பெண்ணை நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பித்தான் நம் ஊரில் தாய்மாமன் வீட்டுக்குக் கொடுக்கிறார்கள். பல வீடுகளில் அது நடக்கவும் செய்கிறது. நடக்காதபோது என்ன ஆகிறது என்றால், அந்தப் பெண்ணுக்கு முறையிட இடமே இல்லாமல் போகிறது. அந்நியத்தில் கொடுத்திருந்தால் மாமியாரைப் பற்றி அம்மாவிடம் அழலாம். இங்கே மாமனார் அம்மாவின் கூடப்பிறந்தவர். அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் அம்மா அண்ணன் பக்கமா மகள் பக்கமா என்று திண்டாட வேண்டும், அந்த அண்ணன்தான் நாளைக்கு உங்களுக்கும் சீர் செய்ய வேண்டியவர். சீட்டுப் பணம், நிலப் பங்கு, பழைய கடன் எல்லாம் அந்த உறவில் பின்னிக்கிடக்கும். ஆகவே உங்கள் அம்மா "மசக்கை" என்று சொல்வதற்கு அறியாமை மட்டும் காரணமாக இருக்காது, வேறு பெயர் வைத்தால் அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும் என்ற பயமும் இருக்கும். அம்மாவைத் திட்டாதீர்கள். அவரைத் தனியே உட்காரவைத்து, "மாமாவைக் குறை சொல்லவில்லை, உன் மகளுக்கு உடம்பு சரியில்லை, டாக்டர் பார்க்கச் சொல்கிறார்" என்ற அளவில் பேச்சைத் தொடங்குங்கள். குற்றம் யாருடையது என்ற விசாரணையைக் குழந்தை பிறந்து ஆறு மாதம் கழித்துக்கூட நடத்திக்கொள்ளலாம்.

இதே முடிச்சில் ஒரு நல்லதும் இருக்கலாம். உங்கள் அம்மாவைப் பெற்ற பாட்டி மாமா வீட்டில்தானே இருப்பார்? நீங்கள் எழுதவில்லை, ஆனால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். உயிரோடு நடமாட்டமாக இருந்தால் அந்தக் கிழவிதான் உங்களுக்கு முதல் துணை. பேத்திக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ள, அவள் தட்டில் என்ன விழுந்தது என்று பார்க்க, "புள்ளைத்தாச்சியை எதுக்குடி வெயில்ல அனுப்புற" என்று மருமகளை அதட்ட அவருக்கு மட்டும்தான் உரிமை உண்டு. நான் பார்த்த ஒரு வீட்டில் மாமியாரும் கணவனும் அசையவே இல்லை, பாட்டி ஒருத்தி ராத்திரியில் அந்தப் பெண்ணோடு திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு பழங்கதை பேசியதில்தான் அவள் எட்டு மாதத்தைக் கடந்தாள்.

அப்புறம் உங்கள் அப்பா. ஊர் என்ன பேசும் என்கிறார். நம் வழக்கத்தையே அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். புதுப்பெண்ணை ஆடி மாதம் தாய்வீட்டுக்கு அழைக்கிறோம், தலைதீபாவளிக்கு அழைக்கிறோம், ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடித்து முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டிவருகிறோம். கட்டிக்கொடுத்த பெண் திரும்பி வரும் வாசல்களை நம் பெரியவர்களே வைத்திருக்கிறார்கள், அதில் ஒன்றை இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே திறப்பதில் ஊருக்குச் சொல்ல என்ன இருக்கிறது? "ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது, செக்கப்புக்கு வந்திருக்கிறாள்" என்றால் ஊர் வாயை மூடிக்கொள்ளும். அதைவிட முக்கியம், அப்பா தன் வாயால் அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: "உனக்கு எப்ப வரணும்னு தோணுதோ வா, யாரையும் கேக்க வேண்டாம்." இந்த வார்த்தை கிடைத்த பெண்கள் பெரும்பாலும் உடனே கிளம்பி வந்துவிடுவதில்லை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். வர இடம் இருக்கிறது என்று தெரிந்தாலே மூச்சு விடுகிறார்கள். வாசல் அடைத்திருக்கிறது என்று நம்பும் பெண்தான் வேறு முடிவுகளை யோசிக்கிறாள்.

அந்த வேறு முடிவைப் பற்றி நேராகவே பேசிவிடுகிறேன். அதே கணியம்பாடி ஒன்றியத்தில் பத்து ஆண்டுகளின் மரணங்களை ஆராய்ந்து 2004-ல் ஒரு கட்டுரை வந்தது. 10 முதல் 19 வயதுப் பெண்களில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 148 பேர் தற்கொலையில் இறந்திருந்தார்கள், அதே வயது ஆண்களில் 58. அந்த வயதுப் பெண்களின் மரணங்களில் பாதி முதல் முக்கால் பங்கு வரை தற்கொலை. அது பழைய கணக்கு, கல்யாணமான பெண்களை மட்டும் எடுத்த கணக்கும் இல்லை. ஆனாலும் அந்த எண்ணைப் படித்த நாளிலிருந்து, இந்த வயதுப் பெண் "செத்துப்போகலாம் போல இருக்கு" என்றால் அதைச் சும்மா சொல்கிறாள் என்று நான் ஒருமுறைகூட விட்டதில்லை.

ஆகவே நீங்கள் அவளிடம் கேட்க வேண்டும். "சாகணும்னு நினைப்பு வருதாடி?" என்று தெளிவாகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே தூண்டிவிடுவோமோ என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. யாராவது கேட்டுவிட்டார்களே என்று அழுது தீர்ப்பவர்கள்தான் அதிகம். ஆமாம் என்றால் அன்றைக்கு அவளைத் தனியே விடக் கூடாது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். இல்லை என்றாலும் மாமா வீட்டில் தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்து, களைக்கொல்லி, எலி மருந்து எல்லாவற்றையும் வீட்டைவிட்டு அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். பாட்டிக்கோ மாமாவுக்கோ வாங்கிய மாத்திரைகளும் பூட்டுக்குள் போக வேண்டும். அந்த எண்ணம் அலை மாதிரி வந்து அடங்குவது, வந்த நிமிடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் உயிர் பிழைத்துவிடுகிறது. ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டு அதை வீட்டில் மறைத்திருந்தால், போலீஸ் கேஸ் ஆகும் என்ற பயம் வேண்டாம். 2017-ல் வந்த மனநலச் சட்டம் அப்படிச் செய்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருதச் சொல்கிறது, தண்டிக்கக் கூடாது என்கிறது.

எப்படிக் கேட்பது, எங்கே கேட்பது என்பதில் நான் ஒருமுறை பெரிய தவறு செய்திருக்கிறேன். வேலைக்கு வந்த புதிது. 16 வயதுப் பெண், கல்யாணமாகி ஆறு மாதம், மாமியார் கூட்டிவந்திருந்தார். மாமியார் ரொம்ப அன்பாகப் பேசினார், நானும் அவரைப் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டு பெண்ணிடம் எல்லாக் கேள்வியும் கேட்டேன். "நல்லா பாத்துக்கறாங்க மேடம்" என்றாள். நான் அப்படியே எழுதிக்கொண்டு சத்துமாத்திரை கொடுத்து அனுப்பச் சொன்னேன். மூன்று வாரம் கழித்து அதே பெண்ணை அவசரப் பிரிவில் பார்த்தேன். பிழைத்துவிட்டாள், ஆனால் அன்றைக்கு அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது. அதிலிருந்து யார் கூட வந்தாலும் ஐந்து நிமிடமாவது தனியே பேசாமல் விடுவதில்லை. நீங்களும் அவளிடம் போனில் கேட்காதீர்கள், அந்தப் போன் ஸ்பீக்கரில் இருக்கலாம். நேரில் போங்கள், குளத்துக்கோ கோயிலுக்கோ கடைக்கோ அழைத்துக்கொண்டு நடங்கள், பக்கத்தில் நடந்துகொண்டே பேசுவது முகம் பார்த்து உட்கார்ந்து பேசுவதைவிட அந்த வயதுக்கு எளிது. கணவன் கட்டாயப்படுத்துகிறானா, அடி விழுகிறதா, சாப்பாடு கொடுக்கிறார்களா என்று மென்மையாகக் கேளுங்கள். சொன்னதும் "நாங்க எல்லாம் பொறுத்துக்கல?" என்றோ "உடனே கிளம்பு" என்றோ சொல்லாமல் முழுதாகக் கேட்டுவிட்டு, நீ சொன்னது நல்லது என்று மட்டும் சொல்லுங்கள். அவளுக்கென்று ஒரு போன் இருக்கிறதா, அவளுடைய பள்ளித் தோழிகளோடு பேச முடிகிறதா என்றும் பாருங்கள். ஒரே நாளில் வகுப்பும் தோழிகளும் சைக்கிளும் போய்விட்டது அவளுக்கு. நாம் அதை இழப்பாகவே கணக்கு வைப்பதில்லை.

கணவனை மறந்துவிடக் கூடாது. வயது என்ன என்று நீங்கள் எழுதவில்லை, பெரும்பாலும் இருபதை ஒட்டித்தான் இருக்கும். அவனும் சின்னப் பையன்தான். மனைவி ராத்திரி அழுதால் என்ன செய்வது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அப்பாவைக் கேட்டால் "ரெண்டு போடு, சரியாயிடும்" என்பார், நண்பர்களைக் கேட்டால் குடிக்கக் கூப்பிடுவார்கள். அவனை எதிரியாக்காமல், செக்கப்புக்கு அவனே கூட்டிப்போகட்டும், டாக்டர் சொல்வதை அவனே காதால் கேட்கட்டும். டாக்டர் வாயிலிருந்து "இது நோய், திமிர் இல்லை" என்று கேட்ட பிறகு முற்றிலும் மாறிய பையன்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அவன் அடிக்கிறான் என்று தெரிந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, அவளை முதலில் அங்கிருந்து கூட்டிவாருங்கள், 181-ல் பெண்கள் உதவி மையத்தைக் கூப்பிடுங்கள்.

இதையெல்லாம் செய்யவிடாமல் உங்கள் இரண்டு வீட்டையும் கட்டிப்போட்டிருப்பது சட்டப் பயம் என்று நினைக்கிறேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிரம்பாமல் கல்யாணம் செய்வது 2006-ன் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம், நடத்திவைத்த பெரியவர்களுக்கும் 2 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 18-க்குக் கீழே உள்ள பெண் மனைவியே ஆனாலும் உறவு கொள்வது குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் சொல்லிவிட்டது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குக் குறைந்த கர்ப்பிணி வந்தால் ஆஸ்பத்திரி தகவல் கொடுத்தே ஆக வேண்டும். இதனால் என்ன நடக்கிறது? வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள், அக்காவின் ஆதாரைக் கொண்டுபோகிறார்கள், ஐந்தாறு மாதம் வரை செக்கப்புக்கே போவதில்லை. அப்படி மறைத்த கர்ப்பங்களில் ரத்தசோகையும் ரத்த அழுத்தமும் முற்றிப்போய் வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். வழக்குக்குப் பயந்து உயிரைப் பணயம் வைக்காதீர்கள். டாக்டரிடம் சரியான வயதைச் சொல்லுங்கள். வழக்கு வந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார், குழந்தைகள் நலக்குழு அவளுடைய பாதுகாப்பையும் சிகிச்சையையும் பார்க்க வேண்டிய கடமை உள்ள அமைப்பு. உங்கள் வீட்டுக்கு அது கஷ்டமான காலமாகத்தான் இருக்கும், இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

அவளுக்கு இந்தக் கர்ப்பம் வேண்டுமா என்று யாராவது கேட்டீர்களா? அவள் வேண்டும் என்று சொல்லலாம், பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். வேண்டாம் என்றால், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 24 வாரம் வரை டாக்டர்களின் ஒப்புதலோடு சட்டப்படியே கருக்கலைப்புக்கு வழி உண்டு, பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதக் கையெழுத்து வேண்டும். அப்படிப் போகும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் போலீஸுக்குக் கொடுக்கும் தகவலில் அவள் பெயர், அடையாளத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நான்கு மாதம் என்றால் நாள் அதிகம் இல்லை. நாட்டு மருந்து, மருந்துக்கடை மாத்திரை என்று மட்டும் போய்விடாதீர்கள். அதே மாதிரி, இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று பின்னால் அவளுக்குத் தோன்றினால் 20 வயது முடிவதற்குள் நீதிமன்றத்தில் அதை ரத்து செய்யக் கேட்கலாம். ரத்தானாலும் பிறந்த குழந்தை சட்டப்படியான குழந்தைதான், அவள் மறுமணம் செய்யும் வரை ஜீவனாம்சமும் கேட்கலாம். மாவட்டச் சமூகநல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர், வழி சொல்வார். இப்போது இதை அவளிடம் வற்புறுத்தத் தேவையில்லை, இப்படி ஒரு கதவு இருக்கிறது என்று நீங்கள் தெரிந்துவைத்திருந்தால் போதும்.

படிப்பு பற்றி ஒரு வார்த்தை. பதினொன்று முடித்திருக்கிறாள். பிரசவம் முடிந்து உடம்பு தேறியதும் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்க வழி உண்டு, பழைய பள்ளியின் தலைமையாசிரியரைப் பாருங்கள், அங்கே முடியாவிட்டால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. மனச்சோர்வில் இருக்கும் பெண்ணிடம் இப்போதே புத்தகத்தை நீட்ட வேண்டாம், ஆனால் "அடுத்த வருஷம் எழுதலாம், பீஸ் நான் கட்டறேன்" என்று சொல்லிவையுங்கள். நாளைக்கு என்று ஒன்று இருக்கிறது என்ற நினைப்பே அவளுக்கு வேண்டும்.

இதைப் படிக்கும் வேறு வீட்டாருக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். இப்போது என்னிடம் வருகிறவர்களில் காதலித்து வீட்டைவிட்டுப் போய்க் கல்யாணம் செய்த 16, 17 வயதுப் பெண்களும் நிறைய. அவர்கள் வீட்டில் "தலை முழுகிவிட்டோம்" என்று உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பெண்ணின் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் தான் தேர்ந்தெடுத்தது தவறு என்று தெரிந்த பிறகும் அதைச் சொல்ல வாய் வராது, சொன்னால் "நீயாத்தானே போனே" என்பார்கள். அம்மா மட்டுமாவது மாதம் ஒரு முறை போன் செய்து, சாப்பிட்டியா என்று கேட்டு வைத்துவிட்டால்கூடப் போதும், அந்த நூல் அறுந்துவிடாமல் இருக்கும். கோபம் தீர்ந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இருந்து, பேச ஆளில்லாமல் போன வீடுகளை நான் அறிவேன்.

சரி, எங்கே போவது? உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் முதலில் பேசுங்கள், கர்ப்பத்தைப் பதிவு செய்து அதற்கான பிக்மி என்ற பதிவு எண் வாங்க வேண்டும், அதில்லாமல் பின்னால் பிறப்புச் சான்றிதழுக்கும் அலைய வேண்டிவரும். மனநலத்துக்கு மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் வட்டத் தலைநகர் ஆஸ்பத்திரிகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வருவார், எந்த நாள் என்று உங்கள் ஆஸ்பத்திரியில் கேளுங்கள், கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். நீங்கள் ஓசூரில் இருப்பதால் பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனை ஒரே பஸ் தூரம், ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது, கர்ப்பிணிகளுக்கும் புதிதாகப் பெற்றவர்களுக்கும் அங்கே தனிப் பிரிவு உண்டு, தேவைப்பட்டால் தாயும் குழந்தையும் சேர்ந்தே தங்கிச் சிகிச்சை பெறலாம். மாத்திரை என்றதும் குழந்தைக்கு ஆகாது என்று பயப்பட வேண்டாம். லேசான சோர்வுக்குப் பேச்சுச் சிகிச்சையே போதும், மாத்திரை வேண்டியிருந்தாலும் கர்ப்பத்தில் கொடுக்கக்கூடியவை உண்டு, டாக்டரைக் கேட்காமல் பாதியில் மட்டும் நிறுத்தக் கூடாது. எதுவும் கைக்கு எட்டாத நேரத்தில் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள், காசில்லை. அவளுக்கு 18 ஆகாததால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ம் அவளுக்கு உரியது. இந்த இரண்டு எண்ணையும் சீட்டில் எழுதிக் கொடுக்காமல் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள்.

கடைசியாக நீங்கள். நீங்கள் அனுப்பிய பணத்தில் கல்யாணம் நடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18 ஆவதற்கு முன்பே கல்யாணமானவர்கள், எட்டுப் பேரில் ஒருவர். அத்தனை வீட்டிலும் யாரோ ஒருவர் பணம் அனுப்பியிருக்கிறார், யாரோ பந்தல் போட்டிருக்கிறார், யாரோ பத்திரிகை வைத்திருக்கிறார், பெரும்பாலானவர்கள் நல்லது என்று நினைத்துத்தான் செய்தார்கள். உங்களைக் கேட்டு நாள் குறித்திருக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை லீவு இருந்தால் இந்த வாரமே போங்கள். அம்மாவையும் கூட்டிப்போங்கள், அவளுக்குப் பிடித்ததை ஏதாவது செய்து எடுத்துக்கொண்டு போங்கள், திங்கட்கிழமையும் லீவு சொல்லிவிட்டால் ஆஸ்பத்திரியையும் முடித்துக்கொண்டு வரலாம். திரும்பி வந்து உங்களுக்கும் தூக்கம் வரவில்லை என்றால் அந்த 14416-ஐ நீங்களும் கூப்பிடலாம், அது நோயாளிக்கு மட்டும் உள்ள எண் இல்லை. டாக்டர் என்ன சொன்னார், ஹீமோகுளோபின் எவ்வளவு, மயக்கம் மறுபடி வந்ததா என்று எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.